எலி வாடை

ஆங்கிலம் கற்கப் புகும் நம் மாணவர்களை மருட்டுபவற்றுள் முதலிடம் பெறுபவை அம்மொழியின் மரபுத்தொடர்கள். தொடரிலுள்ள ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள் தெரிந்திருக்கும். தொடருக்கு மட்டும் பொருள் விளங்காது. அகராதியைப் புரட்டினாலோ சொற்கள் தனித்தனியே நின்று நம்மைப் பார்த்து நகைக்கும். அத்தகைய தொடர்களுள் ஒன்று, 'ஐ ஸ்மெல் எ ராட்' என்பது. சொல்லுக்குச் சொல் பெயர்த்தால், 'நான் ஓர் எலியை முகர்கிறேன்' என்றாகும். துப்பறியும் கதைகளிலும் செய்தித்தாள்களிலும் திரைப்படங்களிலும் இத்தொடரை நாம் அடிக்கடி காண்கிறோம்.

முகர்ந்து பார்ப்பதை 'மணந்து பார்த்தல்' என்பது நம் பகுதியின் பேச்சு வழக்கு. ஆதலின், கதையில் வரும் ஆங்கிலேயத் துப்பறிவாளன் 'எலியை மணந்தான்' என்று ஒரு மாணவன் மொழிபெயர்ப்பானாயின், அந்தப் பாவப்பட்ட மனிதனுக்கு எலியோடு திருமணமே நடந்தேறிவிடும்! நகைப்புக்குரியதுதான். ஆயினும், இந்த எலியை நம் மாவட்டத்தார் சற்று நிதானமாகவே நோக்க வேண்டியிருக்கிறது. ஏன் என்பதை இக்கட்டுரையின் பிற்பகுதி காட்டும்.

முதலில் தொடரின் பொருளைக் காண்போம். ஒரு காரியம் வெளிப்பார்வைக்குச் செவ்வையாகத் தோன்றுகிறது. ஆனால் அதன் பின்னே ஏதோ சூதோ வஞ்சனையோ மறைந்திருப்பதாக உள்ளத்திற் படுகிறது. இன்னதென்று சுட்டிக்காட்ட இயலவில்லை. சான்றும் கையில் இல்லை. அந்த நிலையிலே ஆங்கிலேயன், 'எலி வாடை வீசுகிறது' என்பான். அறைக்குள்ளே மரப்பலகைக்குப் பின்னால் எலி இருப்பதைக் கண் காணுமுன் நாயும் பூனையும் மூக்கால் அறிந்துகொள்வதிலிருந்து இத்தொடர் பிறந்தது என்பது சொல்லாராய்ச்சியாளர் பலரின் கருத்து. பதினாறாம் நூற்றாண்டிலிருந்தே இது வழக்கிலிருக்கிறது. 1663ஆம் ஆண்டில் சாமுவேல் பட்லர் என்ற ஆங்கிலப் புலவர் வெளியிட்ட 'ஹூடிப்ராஸ்' என்னும் நகைச்சுவைக் காவியத்திலும் இது இடம்பெற்றிருக்கிறது.

இத்தொடரைப் பற்றி ஆங்கிலேயர் சொல்லி மகிழும் கதை ஒன்றுண்டு. பதினெட்டாம் நூற்றாண்டில் அயர்லாந்துப் பாராளுமன்றத்தில் சேர் பொயில் ரோச் என்றோர் உறுப்பினர் இருந்தார். உவமைகளைக் கலந்து குழப்புவதில் வல்லவர் என்று பெயர் பெற்றவர். ஒருமுறை அவர், தமக்கு எலி வாடை வீசுவதாகத் தொடங்கி, அந்த எலி வானிலே மிதப்பதைத் தாம் காண்பதாகத் தொடர்ந்து, அதனை மொட்டிலேயே கிள்ளிவிடப்போவதாக முடித்தாராம்! மரபுத்தொடரைப் பொருளுணராது கையாண்டால் விளைவது என்ன என்பதற்கு ஆசிரியர்கள் இக்கதையை எடுத்துக்காட்டுவதுண்டு.

தமிழில் இதற்கு நேரான தொடர் யாது? 'நான் ஐயுறுகிறேன்' என்றால் பொருள் வரும், சுவை வராது. 'ஏதோ இடிக்கிறதே' என்கிறோமே, அதுவே இதற்கு மிக அணித்தானது. 'மனத்தை நெருடுகிறது', 'எங்கேயோ உதைக்கிறது', 'உறுத்துகிறது' என்பனவும் அவ்வினத்தவையே. ஒன்றைக் கவனியுங்கள்: இடித்தல், நெருடல், உதைத்தல், உறுத்தல் ஆகிய யாவும் மெய்யால் அறிபவை. ஐயத்தை ஆங்கிலேயன் மூக்கால் அறிகிறான். தமிழனோ உடம்பால் அறிகிறான்! மூக்கும் நமக்குப் புதிதன்று. 'மோப்பம் பிடித்துவிட்டான்' என்று நாமும் சொல்கிறோம். ஆனால் மறைத்ததை ஒருவன் ஓரளவு கண்டுகொண்ட பின்னரே நாம் அவ்வாறு கூறுவது வழக்கம். எலி வாடையோ கண்டுபிடிப்பதற்கு முந்திய நிலை.

மாணவர்களுக்குச் சில குறிப்புகள்

இத்தொடரில் எலி ஒருமையிலேயே வரும். 'எ' என்ற சொல்லும் அதற்கு முன் நிற்கும். இறந்தகாலத்தில் பிரித்தானியர் 'ஸ்மெல்ட்' என்றும் அமெரிக்கர் 'ஸ்மெல்ட்' என்பதற்குப் பதிலாகப் பெரும்பாலும் 'ஸ்மெல்ட்'டின் ஒழுங்கான வடிவமாகிய 'ஈ-டீ' ஈற்றையும் எழுதுவர். 'ஐ ஆம் ஸ்மெல்லிங் எ ராட்' என்று தொடர்வினையாக எழுதுவது பொதுவழக்கன்று. இது பேச்சுக்கும் கதைக்கும் உரிய தொடர். விண்ணப்பத்திலோ அலுவலகக் கடிதத்திலோ இதனை எழுதுதல் பொருந்தாது. அங்கே 'சஸ்பெக்ட்' என்ற சொல்லே தகும்.

'சஸ்பெக்ட்' என்றவுடன் இன்னொரு சொல்லையும் விளக்குதல் நம் கடமையாகிறது. 'டவுட்' என்பதே அது. தமிழில் இரண்டிற்கும் ஐயம், சந்தேகம் என்றே கூறிவிடுகிறோம். ஆங்கிலத்திலோ இவை எதிரெதிர்த் திசையில் நடப்பவை. 'அவன் கள்வன் என்று சஸ்பெக்ட் செய்கிறேன்' எனின், அவன் கள்வனாயிருக்கக் கூடும் என நினைக்கிறேன் என்பது பொருள். 'அவன் கள்வன் என்பதை டவுட் செய்கிறேன்' எனின், அவன் கள்வனாயிருப்பான் என்று நான் நம்பவில்லை என்பது பொருள். முன்னது குற்றம் இருப்பதாகக் கருதுகிறது. பின்னது குற்றச்சாட்டையே ஐயுறுகிறது. இவற்றை மாற்றி எழுதிய மாணவன் குற்றமற்றவனைக் கள்வனாக்கிவிடவும் கூடும். கள்வனை விடுவித்துவிடவும் கூடும்.

நல்ல அறிவுடையோன் இவ்விரண்டையும் ஒருங்கே பயில்கிறான். ஒன்றைச் 'சஸ்பெக்ட்' செய்யும்போதே, அந்த நினைப்பைத் தானே 'டவுட்'டும் செய்து பார்க்கிறான். தன் மூக்கு தன்னை ஏமாற்றவில்லையே என்று சோதிக்கிறான். இந்த இரண்டாவது ஐயம் எழாத இடத்திலேதான் பெருந்தீங்குகள் நேர்கின்றன.

மீன் வாடையும் ஐயமும்

எலியோடு மீனையும் ஆங்கிலேயர் ஐயத்திற்குத் துணை சேர்த்துள்ளனர். வஞ்சனை தோன்றும் செயலை 'ஃபிஷி' என்பார்கள். மீன் நாற்றமுடையது என்பது அதன் நேர்ப்பொருள். கல்முனை முதல் திருக்கோவில் வரை கடலை நம்பி வாழும் நமக்கு இது வியப்பாகத்தான் இருக்கும். கரைவலை ஏறும் காலையில் வீசும் மீன் வாடை நம்மவர்க்கு உழைப்பின் வாடை. அடுப்பெரியும் என்பதற்கு அடையாளம். ஒரே மணம் ஒரு நாட்டில் ஐயத்தையும் இன்னொரு நாட்டில் ஆறுதலையும் குறிப்பதைக் காண்கிறோம்.

ஆயினும் அந்த ஆங்கிலச் சொல்லுக்குள் ஓர் உளவியல் உண்மை இருப்பதாக ஆராய்ச்சியாளர் காட்டியுள்ளனர். ஸ்பைக் லீ, நோர்பர்ட் ஷ்வார்ஸ் ஆகிய இருவர் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் செய்த சோதனைகளை 2012இல் வெளியிட்டனர். பிறரை நம்பிப் பணத்தைக் கொடுக்கும் ஒரு விளையாட்டில், மீனெண்ணெய் வாடை வீசிய இடத்தில் நின்றவர்கள் மற்றவர்களைக் காட்டிலும் குறைந்த பணத்தையே கொடுத்தனராம். 2015இல் வெளிவந்த மற்றொரு சோதனை இதனினும் சுவையானது. 'மூஸா தம் பேழையில் ஒவ்வோர் இன விலங்கிலும் எத்தனை ஏற்றினார்?' என்று வினவப்பட்டது. 'இரண்டு' என்று விரைந்து விடையளிப்போரே பலர். பேழை மூஸாவினுடையதன்று, நூஹினுடையது என்பதை அவர்கள் கவனிப்பதில்லை. மீன் வாடை வீசிய இடத்தில் இருந்தோருள் இந்தப் பிழையைக் கண்டவர்கள் கூடுதலாக இருந்தனர்.

இவ்விரு சோதனைகளையும் ஒருசேர நோக்கினால் ஐயத்தின் இரு முகங்களும் தெரிகின்றன. ஒரு முகம், அயலவனுக்குக் கொடுக்கும் கையைச் சுருக்குகிறது. மறு முகம், வினாவைக் கூர்ந்து படிக்கச் செய்கிறது. எந்த முகத்தை வளர்ப்பது என்பது நம் கையில் இருக்கிறது.

வயலெலியும் வீட்டெலியும்

எலியைப் பற்றி ஆங்கிலேயனிடம் கற்கவேண்டிய நிலையில் நாம் இல்லை. திருக்கோவிலுக்கு மேற்கே சாகாமக் குளத்து நீர் பாயும் வயல்களிலே எலியின் சேட்டையை அறியாத உழவர் எவர்? நெற்பயிரின் அடித்தண்டு சாய்வாகக் கடிபட்டுக் கிடப்பதை ஒருநாட் காலையில் உழவர் காண்கிறார். எலி என்று ஐயுறுகிறார். உடனே அவர் செய்வது என்ன? வரம்பிலே நடந்து வளை தேடுகிறார். வளைவாயில் புதுமண் கிடக்கிறதா, காலடித் தடம் இருக்கிறதா என்று குனிந்து நோக்குகிறார். எலியென்று தெளிந்த பின்னரே பொறி வைக்கிறார். கடிபட்ட தண்டொன்றைக் கண்டதற்காகப் பயிர் முழுவதையும் கொளுத்திய உழவரை எங்கும் கண்டதில்லை.

இதனை உணர்ந்தே நம் முன்னோர், 'எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவதா?' என்று பழமொழி வகுத்தனர். ஆங்கிலத் தொடர் எலியின் வாடையை அறியும் மூக்கைப் புகழ்கிறது. தமிழ்ப் பழமொழியோ, வாடையை அறிந்த பின் கை என்ன செய்ய வேண்டும் என்பதைக் கற்பிக்கிறது. இரண்டும் சேர்ந்தாலே பாடம் முழுமையாகும். இது வெறும் சொல்லாராய்ச்சியன்று. நம் அம்பாறை மாவட்டமே இப்பாடத்தை அண்மைக் காலத்தில் பெருவிலை கொடுத்துக் கற்றிருக்கிறது.

2018ஆம் ஆண்டு பெப்ரவரி 26ஆம் நாள் இரவு, அம்பாறை நகரில் முஸ்லிம் ஒருவரின் உணவகத்தில் உண்ண வந்த ஒருவர், கறியிலே கட்டியொன்றைக் கண்டார். சிங்கள மக்களை மலடாக்க மாத்திரை கலக்கிறார்கள் என்ற வதந்தி முன்னரே உலவிக்கொண்டிருந்தது. மருந்துக்கடையொன்றில் இத்தகைய மாத்திரைகள் 23,000 பிடிபட்டன என்ற பொய்யும் முகநூலிலே பரவியிருந்தது. கூட்டம் கூடியது. 'மாத்திரை போட்டாயா?' என்று சிங்களத்தில் அதட்டினார்கள். தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட கடைக்காரருக்குச் சிங்களம் செவ்வையாகத் தெரியாது. அச்சத்தில் தடுமாறி அவர் உதிர்த்த அரைகுறைச் சொற்கள் ஒப்புதலாகக் கொள்ளப்பட்டு, ஒளிப்படக் காட்சியாக நாடெங்கும் பரவின. கடை நொறுக்கப்பட்டது; பள்ளிவாசலும் தாக்கப்பட்டது.

பின்னர் அரசாங்க இரசாயனப் பகுப்பாய்வாளர் அந்தக் கட்டியைச் சோதித்தார். அது மாக்கட்டியே, மருந்து எதுவும் அதில் இல்லை. உணவிற் கலந்து கொடுத்து ஒருவரை நிரந்தர மலடாக்கும் மாத்திரை மருத்துவ உலகிலேயே கிடையாது. ஆயினும் உண்மை வந்து சேருமுன் தீ முந்திக்கொண்டது. கண்டி மாவட்டத்துத் திகனைப் பகுதியில் வேறொரு காரணத்தால் மூண்ட கலவரத்திற்கு இந்த வதந்தியும் எண்ணெய் வார்த்தது. மார்ச் 6ஆம் நாள் நாடு முழுவதும் அவசரகால நிலை பிரகடனம் செய்யப்பட்டது. எலி வாடை என்று நினைத்தது எலி வாடையே அன்று. வீடு மட்டும் எரிந்துவிட்டது.

இதற்கு மறுதலையான பிழையும் உண்டு. வாடை உண்மையாகவே வீசும்போது மூக்கைப் பொத்திக்கொள்வதே அது. 2019 ஏப்ரல் 4ஆம் நாளே, தாக்குதல் நிகழக்கூடும் என்ற எச்சரிக்கை இந்தியாவிலிருந்து இலங்கைப் புலனாய்வுத் துறைக்கு வந்துவிட்டது. வளை எங்கேயென்று தேடவேண்டியவர்கள் வாளாவிருந்தனர். ஏப்ரல் 21ஆம் நாள், உயிர்த்த ஞாயிறன்று, கொழும்பிலும் நீர்கொழும்பிலும் மட்டக்களப்பிலும் தேவாலயங்களும் விடுதிகளும் குண்டுகளுக்கு இலக்காயின. 250க்கு மேற்பட்டோர் மாண்டனர். 2023 ஜனவரி 12ஆம் நாள் உயர் நீதிமன்றம், அந்நாளைய ஜனாதிபதியும் பாதுகாப்புப் பொறுப்பிலிருந்த அதிகாரிகளும் கடமை தவறினர் என்று கண்டு, பாதிக்கப்பட்டோர்க்கு நட்டஈடு செலுத்துமாறு பணித்தது. ஐயுறவேண்டிய இடத்தில் ஐயுறாமையும் குற்றமே என்பதற்கு இத்தீர்ப்பு சான்று.

அந்தத் தாக்குதலுக்கு ஐந்து நாள்களின் பின், ஏப்ரல் 26ஆம் நாள், கல்முனைக்கு அடுத்த சாய்ந்தமருதில் நிகழ்ந்ததை இவற்றோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அங்கே வாடகை வீடொன்றில் புதிதாகக் குடிவந்தவர்களின் போக்கு ஊராருக்கு உறுத்தியது. ஊரார் முஸ்லிம்கள், வந்தவர்களும் முஸ்லிம்கள். 'நம்மவர்தாமே' என்று அவர்கள் கண்ணை மூடிக்கொள்ளவில்லை. தாமே தடியெடுத்துச் சென்று வீட்டைக் கொளுத்தவுமில்லை. காவல் துறைக்கு அறிவித்தனர். படையினர் வந்தபோது உள்ளிருந்தோர் குண்டுகளை வெடிக்கச் செய்தனர். சிறுவர்கள் உட்பட 15 பேர் உயிரிழந்தனர். அச்சிறுவரின் சாவு எண்ணுந்தோறும் நெஞ்சைப் பிளப்பது. ஆனால் அந்த ஊரார் வாய் திறவாதிருந்தால் அந்தக் குண்டுகள் எந்தச் சந்தையில், எந்த ஆலயத்தில் வெடித்திருக்குமோ! வாடையை அறிந்து, அதனை ஆராய வல்லாரிடம் ஒப்படைத்த சாய்ந்தமருது மக்களுக்கு நாடு கடமைப்பட்டுள்ளது.

ஆயினும் அதன் பின் நேர்ந்தது என்ன? அதே ஊராரின் இனத்தவர் என்பதற்காக, நாடெங்கும் முஸ்லிம் வணிகரும் ஆசிரியைகளும் மருத்துவரும் ஐயக்கண் கொண்டு நோக்கப்பட்டனர். அவ்வாண்டு மே மாதத்தில் வடமேல் மாகாணத்தில் அவர்களுடைய வீடுகளும் கடைகளும் எரிந்தன. ஒரு வளையிலிருந்த எலிக்காக ஊர் முழுவதையும் எலியென்ற கொடுமை இது. தமிழராகிய நமக்கு இது புரியாததன்று. பெயரைக் கேட்டும் ஊரைக் கேட்டும் ஐயுறப்பட்டு, சோதனைச் சாவடிகளில் நின்று வாடிய ஆண்டுகளை நாம் மறந்துவிடவில்லை.

தெரிந்து தெளிதல்

கல்முனையிலிருந்து தெற்கே செல்லும் சாலையிலே சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று, தம்பிலுவில், திருக்கோவில் என்று முஸ்லிம் ஊரும் தமிழ் ஊருமாகத் தொடுத்த மாலைபோற் கிடக்கின்றன. புட்டும் தேங்காய்ப்பூவும் போல என்று நம் மூத்தோர் இந்த உறவைச் சொன்னார்கள். 1985இலும் 1990இலும் இவ்வூர்கள் ஒன்றையொன்று அஞ்சிய நாள்களின் வடு இன்னும் முற்றாக ஆறவில்லை. இத்தகைய மண்ணிலே ஐயம் என்பது உலர்ந்த வைக்கோற் போர் அருகே ஏற்றிய விளக்குப் போன்றது. விளக்கில்லாமல் இருளில் நடக்க முடியாது. விளக்கைக் கவனமின்றி வைக்கவும் கூடாது.

வள்ளுவர் இதற்கென்றே 'தெரிந்து தெளிதல்' என்னும் அதிகாரத்தை வகுத்தார். ஆராயாமல் ஒருவனை நம்புதலும், ஆராய்ந்து தெளிந்த ஒருவனிடத்தில் பின்னர் ஐயங்கொள்ளுதலும் ஆகிய இரண்டுமே நீங்காத துன்பத்தைத் தரும் என்பது அவ்வதிகாரத்தின் இறுதிக் குறளின் கருத்து. நம்பிக்கைக்கும் ஐயத்திற்கும் நடுவே 'ஆராய்தல்' என்ற ஒன்றை அவர் நிறுத்தியிருப்பதே நாம் கவனிக்கத் தக்கது.

இல்லங்களிலும் இதற்கு நாள்தோறும் தேவையுண்டு. 'உங்களுக்குப் பெரும்பரிசு விழுந்திருக்கிறது. கைபேசிக்கு வந்த இலக்கத்தைச் சொல்லுங்கள்' என்று முன்பின் அறியாத குரல் கேட்குமாயின், அதுவே எலி வாடை. இலக்கத்தைச் சொல்லாமல் அழைப்பைத் துண்டித்து, வங்கிக்கு நேரிற் சென்று கேட்டறிதல் ஆராய்தல். மாறாக, வீட்டில் ஒரு பொருள் காணாமற் போனவுடன் வேலைக்கு வரும் ஏழைப் பெண்ணின் மீது பழி சுமத்துவது வீட்டைக் கொளுத்துதல். 'இன்ன சமூகத்தார் இன்னது செய்கிறார்கள்' என்று கைபேசியில் வரும் செய்தியைப் பத்துப் பேருக்கு அனுப்புவதும் அதுவே. அம்பாறையில் எரிந்த தீக்கு அவ்வாறு விரலால் விறகிட்டவர்கள் எத்தனையோ பேர்.

இறுதியாக, நாற்றம் அறிவதில் எலியே நமக்கு ஆசானாக அமைந்த செய்தியையும் மாணவர்கள் அறிதல் நன்று. 1997இல் பெல்ஜியத்திற் தோன்றி, தான்சானியாவில் இயங்கும் 'அப்போப்போ' என்ற நிறுவனம், ஆபிரிக்கப் பேரெலி இனமொன்றைப் பழக்கி, மண்ணுக்குள் புதைந்த கண்ணிவெடிகளை முகர்ந்தறியச் செய்கிறது. கம்போடியாவில் இத்தொண்டைப் புரிந்த 'மகாவா' என்ற எலி, நூற்றுக்கு மேற்பட்ட வெடிபொருள்களைக் காட்டிக்கொடுத்தது. 2020இல் பிரித்தானிய விலங்குநலச் சங்கமொன்றின் தங்கப் பதக்கத்தைப் பெற்றது. 2022 ஜனவரியில் மாண்டது. வெடிமருந்தின் வாடையை உணர்ந்ததும் அது அவ்விடத்து மண்ணைக் காலாற் பிறாண்டும். அவ்வளவே அதன் வேலை. பின்னர் பயிற்சி பெற்ற மனிதர் கருவியோடு வந்து, மண்ணை மெல்ல அகற்றி, வெடியா அன்றா என்று கண்டு, அதன் பிறகே செயலிழக்கச் செய்கின்றனர்.

மூக்கு சுட்டிக்காட்ட வேண்டும். கண் ஆராய வேண்டும். அதன் பின்னரே கை செயற்பட வேண்டும். 'எலி வாடை வீசுகிறது' என்ற ஆங்கிலத் தொடரை இனி எங்கேனும் படிக்கும் மாணவர்கள், இந்த வரிசையையும் அதனோடு சேர்த்து மனத்திற் பதித்துக்கொள்வார்களாக.